ஆளுக்கொரு சிலிண்டர்

மலை ஏறப் போகிறவர்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று பட்டாளத்துத் தம்பி வீடு தேடி வந்தபோது, நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நாலு பேர் முன்னால் எனக்கு இந்த வயதிலும் நா எழாது. பேச்செல்லாம் என் ஓரகத்தி பார்த்துக்கொள்வாள். அவள் என் கொழுந்தன் மனைவி. எங்கள் இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் இப்போது இல்லை. இராஜபாளையத்தில் ஒரே தெருவில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். காதுகுத்து, சடங்கு என்று விசேஷ வீடுகளுக்குச் சேர்ந்துதான் சமைக்கப் போவோம். கைப்பக்குவம் என்னுடையது, வாய் அவளுடையது. அண்டாவுக்கு இரண்டு காது. ஒருத்தி பிடித்தால் ஆகாது. அவளை விட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை, என்னை விட்டால் அவளுக்கும் இல்லை. ஆனாலும் அவள் அளந்து கொடுத்த எண்ணெயை நான் ஒரு தடவை திரும்ப அளந்து பார்க்காமல் வாங்கியது கிடையாது.

பட்டாளத்துத் தம்பி வேலை முடிந்து ஊரோடு வந்தவர். மார்கழி வந்தால் ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு செண்பகத்தோப்புக்கு மேலே கூடாரம் போடப் போவார்.

"விறகு மட்டும் கூடாதுக்கா" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். "ஒரு சுள்ளி எரிஞ்சாலும் ஃபாரஸ்ட்காரங்க அம்புட்டுப் பேரையும் கீழ எறக்கி விட்ருவாங்க. கேஸ்தான்."

"பெரிய சிலிண்டர் ஒண்ணு தூக்கிட்டுப் போனா முடிஞ்சுதுல்லாண்ணே?" என்றாள் ஓரகத்தி.

"வண்டி பாதி வழிதான் போகும். பொறவு தலைச்சுமை. நீ சுமக்கியா? சின்னதா ரெண்டு வாங்கிருவோம்."

தார்ப்பாய், நைலான் கயிறு, நெற்றியில் கட்டிக்கொள்ளும் லைட், காற்று மறைக்கத் தகரம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அந்தத் தகரம் எதற்கென்று எனக்குப் பிடிபடவில்லை. பழைய தகரத்தை எங்கள் தலையில் கட்டி மலைக்கு ஏற்றப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். நான் கேட்டது ரெகுலேட்டருக்கு மாற்று வாஷரும், அரிசி களைய அகலச் சட்டியும்தான். அதையும் ஓரகத்தி காதில் சொல்லித்தான் கேட்டேன்.

அவர் மருமகள் மாசமாக இருந்தாள். வீட்டில் சிலிண்டரை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். அதனால் புறப்படும் நாள் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒன்று, ஓரகத்தி வீட்டில் ஒன்று என்று இறக்கிவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்கு மனசுக்குள் அரிக்கத் தொடங்கிவிட்டது. அவள் வீட்டு கேஸ் தீர்ந்து, புக்கிங் போட்டுக் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டாலே, எதில் தாளிக்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

பெரிய இரும்பு அடுப்பை வாடகைக்குப் பேச இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒருவர் தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் சிலிண்டரை நிறுத்தியிருந்தார்.

"யக்கா, பாத்தீங்களா? எதுக்குத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்?"

"வீட்டு சிலிண்டரா இருக்கும், யாவாரத்துக்கு அது கூடாதுல்லா. கலர் தெரியக் கூடாதுன்னு முக்கி வச்சிருக்கான்" என்றேன்.

"களவாணிப்பய" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கினாள்.

மலையில் ஓடைக்கு மேலே ஒரு பாறைத் திட்டில் கூடாரம் போட்டார்கள். காலையில் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வனக்காவலரோடு மேலே நடக்கப் போனார்கள். மத்தியானம் பசியோடு இறங்குவார்கள். அதற்குள் சோறும் சாம்பாரும் ஆக வேண்டும். ஓரகத்தி தன் சிலிண்டரைப் பெரிய அடுப்பில் மாட்டக் கொண்டுவந்தாள். அதன் வெள்ளை மூடியில் நூல் அறுந்து கிடந்தது.

"மூடி ஏற்கெனவே தொறந்திருக்கே?"

"காலி சிலிண்டரத் தந்துருப்பானோன்னு ஒருக்கா மாட்டிப் பாத்தேன்."

"மாட்டி?"

"மாட்டி, கழத்தி வச்சுட்டேன். என்னக்கா பார்வை இது?"

உலை வைத்தோம். காற்றுக்குத் தகரம் நன்றாகவே உதவியது; அது வேறு விஷயம். அரிசி போட்டுச் செத்த நேரம்கூட ஆகியிருக்காது, தீ சுருங்கிவிட்டது. கொதித்துக்கொண்டிருந்த உலை அடங்கியது. அடுப்புக் குமிழைத் திருகிப் பார்த்தேன், வாஷரை மாற்றிப் பார்த்தேன். தீ எழும்பவில்லை.

அவள் ஓடைக்குக் காய் கழுவப் போன நேரம் பார்த்து, ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்தேன். நாங்கள் வீட்டில் செய்வதுதான். கேஸ் இல்லாத மேல்பாகம் சட்டென்று காயும், இருக்கிற பாகத்தில் ஈரம் நிற்கும். மேலே காய்ந்தது. ஆனால் பாதிக்குக் கீழே காயவே இல்லை. துடைக்கத் துடைக்க முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது. கேஸை எடுத்துக்கொண்டு, கனம் குறையாமல் இருக்கத் தண்ணீரை ஏற்றிவிட்டாளா? அதற்கென்று ஆள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தம்பி இறங்கி வந்ததும் இதைச் சொன்னால், அவளை இனி ஒருவரும் அடுக்களையில் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் வேகாத சோற்றுக்கு நானும் சேர்ந்துதான் தலை குனிய வேண்டும்.

அவள் வந்ததும் என் சிலிண்டரை முன்னால் வைத்தேன். மூடியும் நூலும் அப்படியே இருந்தன. "இத மாட்டு. பிரிக்காதது" என்றேன். பிரிக்காதது என்ற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிறுத்துப்போய் மாட்டினாள்.

தீ நீலமாக எழும்பியது. உலை மறுபடி கொதித்தது. நான் அவளைப் பார்க்காமல் பருப்பைக் கடைந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தீயும் சுருங்கத் தொடங்கியது.

"யக்கா" என்றாள். "உங்களுதும் படுத்துருச்சு. நான் மூடியப் பிரிச்சு எடுத்தேன், சரி. நீங்க மூடியப் பிரிக்காமலே எடுத்துட்டீங்களா?"

"ஏட்டி, வாய அடக்கு."

"ஈரத்துணி கொடியில கெடக்கு. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சீங்களா? இங்க பாருங்க, உங்களுதும் முத்து முத்தா வேக்குது. நீங்க எந்தக் கொழாயில தண்ணி புடிச்சீங்க?"

என் சிலிண்டரில் கை வைத்தேன். ஐஸ் கட்டியைத் தொட்டது போல விரல் விறைத்தது. அவளும் தொட்டாள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். முதலில் கழற்றி வைத்ததைத் தொட்டுப் பார்த்தோம். வெயிலில் கிடந்ததால் அதற்குக் குளிர் விட்டிருந்தது.

"குளிருதுக்கா அதுக்கு" என்றாள். "இம்புட்டுப் பெரிய அடுப்பு உறிஞ்சுற உறிஞ்சல்ல சின்னது வெறச்சுப்போச்சு."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பஜ்ஜிக்காரர் ஞாபகம் வந்தது. நான்தான் முதலில் எழுந்தேன். அரிசி களைந்த அகலச் சட்டியில் சிலிண்டரை நிறுத்தினோம். காலையிலிருந்து வெயிலில் இருந்த கேன் தண்ணீரைச் சுற்றி ஊற்றினோம். செத்த நேரத்தில் தீ தானாக நிமிர்ந்தது.

"பாவம், அந்தாளக் களவாணின்னு சொல்லிட்டோமே" என்றேன்.

"நீங்கதான கலர மறைக்கான்னு சொன்னீங்க."

"களவாணின்னது நீ."

ஆட்கள் இறங்கி வந்தபோது சாம்பார் இறக்கியாகிவிட்டது. சாப்பிட்ட பிறகு பட்டாளத்துத் தம்பி சட்டியில் நின்ற சிலிண்டரை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னத்துக்கு இது?"

"குளிப்பாட்டுதோம்ணே" என்றாள் ஓரகத்தி.

ஊருக்குத் திரும்பியதும், மிச்ச கேஸோடு இரண்டு சிலிண்டரையும் அடுத்த மலைக்கு எடுத்து வைக்கும் பேச்சு வந்தது. "அக்கா வீட்லயே இருக்கட்டும்ணே" என்றாள் அவள். "வேண்டாம், அவ வீட்ல இருக்கட்டும்" என்றேன் நான். கதவுக்குப் பின்னாலிருந்து இல்லை, வாசலில் நின்றே சொன்னேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்ணும் வைக்க வேண்டாம், மருமகதான் பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயாச்சே, எங்க வீட்லயே கெடக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு போனார்.

போன வாரம் சாயங்காலம் அவள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"யக்கா, பட்டாளத்து அண்ணன் மருமக பிள்ளை பெத்து வந்துருக்கா. பொழுதன்னைக்கும் வெந்நி போடுதாங்களாம். அந்த வீட்டு கேஸ் போன மாசமே தீந்துபோச்சுன்னு கேள்வி."

"அப்ப வெந்நி எதுல போடுதாங்க?"

அவள் தலை சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கியது. சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். நான் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிள்ளை பார்க்க என்று இரண்டு பேரும் போனோம். அவள் தொட்டில் பக்கம் உட்கார்ந்து மருமகளிடம் பேச்சுக் கொடுத்தாள். நான் தண்ணீர் குடிப்பது போல எழுந்து அடுக்களைக்குப் போனேன்.