விளாவிய வெள்ளம்

என் தங்கையைக் கட்டிக் கொடுத்தது கோட்டாற்றில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு. வீட்டுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீழே தெருவைப் பார்த்து ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு துணிக்கடை, ஒரு பலசரக்குக் கடை. மேலே நாலு குடித்தனம். அத்தனை பேருக்கும் பின்கட்டில் ஒரே கிணறு. கிணற்றை ஒட்டி சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பாத்திரம் கழுவுகிற இடம், அந்த அழுக்குத் தண்ணீர் போக ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் பொதுவான கக்கூஸ். நாங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு இரண்டொரு வருஷம் முந்திய காலம் அது. எந்த ராஜ்யத்தில் இருப்பது என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கிணற்றோடு சண்டை.

நான் வடசேரியில் இருந்தேன். நடந்து போய்விடுகிற தூரம். முதன்முதலில் போன அன்றே அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஓடையின் கல் பெயர்ந்து, எச்சில் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் தேங்கி, கிணற்றோரம் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உள்சுவரில் அந்த இடம் மட்டும் பாசி பிடித்து வழுவழுவென்று கிடந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் அந்த வழியாக வந்தார்.

"அண்ணாச்சி, இந்த வெள்ளத்தயா ஊருக்கே குடுக்கிய?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"உள்ள நெல்லிப் பலகயாக்கும் போட்டிருக்கு, தங்கச்சி. வெள்ளம் கல்கண்டு மாதிரி இருக்கும். குடிச்சுப் பாருங்க."

கிணற்றின் அடியில் நெல்லிமரப் பலகை போட்டால் தண்ணீர் இனிக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இனிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. கக்கூஸ் தண்ணீர் கலந்தாலும் இனிக்கும் என்றால் அந்த இனிப்பை என்ன செய்வது? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இலையில் ரெண்டு வடை மடித்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து, அது சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து டைபாய்டு என்றார். புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, கெட்ட தண்ணீரால் வருவது இது, கொதிக்கவைத்த தண்ணீரைத் தவிர ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கட்டடத்துக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஓடைக்கு சிமெண்டு பூசுகிறேன் என்று அவர் சொல்லும்வரை நகரவில்லை. சுகாதார ஆபீசுக்கும் ஆள் அனுப்பினேன். அங்கிருந்து ஒருவர் வந்து சாயங்காலம் கிணற்றில் கிருமி சாகிற சிவப்பு மருந்தைக் கரைத்து விட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தண்ணீர் பளிச்சென்று பழைய நிறத்தில் கிடக்கிறது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஆள் வைத்து விடியுமுன்னே அவ்வளவையும் இறைத்துக் கொட்டியிருக்கிறார்.

"சாம்பார் செவப்பா இருந்தா ஆளு வருவான் தங்கச்சி. வெள்ளம் செவப்பா இருந்தா எவன் வருவான்? நான் கட நடத்தாண்டாமா?" என்றார்.

அவரை அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்க மாடி ஏறி, தங்கையின் மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தை, கிணத்த நம்பி ஒரு பிரயோசனமும் இல்ல. நீங்கதான் பாத்துக்கிடணும்."

"அதுக்கு நீ எதுக்கு மக்கா இப்பிடிக் கெடந்து சாடுக? எங்க வீட்டில பச்ச வெள்ளம் எவளாவது குடிச்சிருக்காளா? என்னைக்கும் சீரக வெள்ளம்தான்."

பச்சை வெள்ளம் என்றால் காய்ச்சாத தண்ணீர். அவள் சொன்னது பொய்யில்லை. அடுப்பு மூலையில் எப்போதும் ஒரு சருவம் நிறைய சீரகம் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. இந்த வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெற்ற மகளைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். தங்கையின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. கஞ்சியை வடிகட்டி ஊதி ஊதிக் கொடுத்தாள். மலம் அள்ளினாள், முகம் சுளிக்கவில்லை. யார் அந்த வீட்டுப் படி ஏறினாலும், என்ன ஏது என்று கேட்பதற்கு முந்தி ஒரு போணியில் குடிக்க வெள்ளம் கொண்டுவந்து கையில் தருகிறவள். கீழே கடைக்காரரைத் திட்டித் தீர்த்த என் வாய் இவளிடம் வந்தால் அடங்கிவிடும்.

மாத்திரை வேலை செய்தது. காய்ச்சல் இறங்கிற்று. தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கொத்துக்கொத்தாகக் கொட்டிய முடியைக் காட்டி, "பழனிக்குப் போயி மொட்ட போட்டுட்டு வந்த கணக்கா இருக்கா அக்கா?" என்று சிரித்தாள். குழந்தை அவள் மடியில் ஏறி மூக்கைப் பிடித்து இழுத்தது. பிழைத்துவிட்டாள் என்று கோட்டாற்றிலிருந்து வடசேரிவரை எனக்குள்ளே பேசிக்கொண்டே நடந்தேன்.

காய்ச்சல் திரும்ப வந்தது. இந்தத் தடவை உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. வயிறு வீங்கி, பிதற்றி, ஒரு மத்தியானம் போய்விட்டாள். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, கொதிக்கவைத்த தண்ணீர்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று அடித்துச் சொன்னேன். சில பேருக்கு மருந்தை நிறுத்தின பிறகு இப்படித் தானாகவே திரும்புவதும் உண்டு என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சாவுக்கு மறுநாள் காடாத்துச் சடங்கு முடிந்த அன்று நான் சுவரில் சாய்ந்து கிடந்தேன். கண் வீங்கிய மாமியார் எழுந்து உள்ளே போனாள். அடுப்பு மூலைச் சருவத்திலிருந்து போணியில் பாதி சீரக வெள்ளம் மோந்தாள். ஆவி பறந்தது. பக்கத்தில் கிணற்று வாளி இருந்தது. அதிலிருந்து ஒரு செம்பு எடுத்து மீதிப் பாதியை நிறைத்தாள். கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"குடி மக்கா. சூடா குடிச்சா தொண்ட பொள்ளிரும்னு விளாவியாச்சு."

நான் போணியைப் பார்த்தேன். வாளியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முந்தின நாளே காய்ச்சி மண்பானையில் ஊற்றி ஆறவைத்துக் குடிப்போம். இங்கே கொதிக்கக் கொதிக்க இறக்கி, குளிக்கிற வெந்நீருக்கு விளாவுவதுபோல் விளாவுகிறார்கள்.

"அத்தை, அவளுக்கும் இப்பிடித்தான் குடுத்தியளா?"

"பின்ன? நாக்கெல்லாம் புண்ணுல்லா அவளுக்கு. கொதிக்கத கொதிக்கக் குடுக்க எனக்கு மனசு வருமா? ஒவ்வொரு மடக்கும் இதமா விளாவித்தான் குடுத்தேன்."

அவள் இடுப்பில் குழந்தை இருந்தது. அதன் கையில் ஒரு சின்னப் போணி. அதையும் அப்படித்தான் விளாவி நிறைத்திருந்தாள். குழந்தை வாயருகே கொண்டுபோயிற்று.

குழந்தை மட்டும் அங்கே இல்லாமல் இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எழுந்து போய் அந்தச் சின்னப் போணியைப் பிடுங்கினேன். குழந்தை வீரிட்டு அழுதது. "பாதி பச்ச வெள்ளம் அத்தை இது. கிணத்துலே உள்ளதெல்லாம் இதிலயும் இருக்கு. கொதிக்க வச்சது பூராவும் வீணாக்கும்" என்றேன். மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எப்போதும்போல வெடுக்கென்றுதான் வந்தது.

அவள் வாளியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள்.

"அப்போ நானாக்குமா மக்கா குடுத்தது?"

இல்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல் தானாகவே திரும்புவதும் உண்டு என்று டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். யார் என்றாலும் அதைத்தான் சொல்வார்கள். சொன்னால் சாயங்காலமே மறுபடி விளாவிக் குழந்தைக்குக் கொடுப்பாள். நான் பேசாமல் நின்றேன். அன்று நின்றது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

குழந்தை பிழைத்து வளர்ந்தது. அந்த வீட்டில் அதன் பிறகு ஆறவைத்த தண்ணீர்தான். அத்தை நெடுங்காலம் இருந்தாள். யார் படி ஏறி வந்தாலும் வாருங்கள் என்பாள், பாய் விரிப்பாள், உள்ளே திரும்பி யாரையாவது வெள்ளம் கொண்டுவரச் சொல்லுவாள். வெயிலில் நடந்து நான் போய் நிற்கிறபோது சில நாள் வீட்டில் வேறு ஆள் இருக்காது. அடுப்பு மூலைப் பானையைக் கண்ணால் காட்டுவாள்.

"நீயே மோந்து குடி மக்கா. நான் எடுக்கல்ல."