வெளிக்கிட ஓர் உத்தரவு

தபால் கந்தோர்க் கிளாக்கர் ஏரம்பமூர்த்தி யாழ்ப்பாணத்து மனிதர். ருவான்வெல்லைக் கடைவீதியில், காத்தமுத்துக் கங்காணியின் வீட்டு முன்னறையில் தனியாகக் குடியிருந்தார். படிப்பு, பண்பு, மடிப்புக் கலையாத கோட்டு எல்லாம் அவரிடம் இருந்தன. மனதில் இருப்பதைச் சட்டென்று சொல்லும் துணிவு மட்டும் இல்லை. கடையில் உப்புக் கேட்பதற்குக்கூட முதலில் மழையைப் பற்றிப் பேச்செடுப்பார்.

ஆவணியில் அவருக்குக் கலியாணம் ஆயிற்று. மணப்பெண் ஞானாம்பிகையின் முகத்தைச் சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் லீவு முடிந்துவிட்டது. அவள் ஊரில், இவர் இங்கே. கார்த்திகையில்தான் அதிர்ஷ்டம் கண்ணைத் திறந்தது. கேகாலைக்கு மாற்றம், அதோடு மனைவியைக் கூட்டிவந்து குடியிருக்கக் குவாட்டர்ஸும் கிடைத்தது. ஒன்றாந்தேதிக்குள் போய்ச் சாவியை வாங்காவிட்டால் அந்தக் குவாட்டர்ஸ் தருமலிங்கம் என்கிற இன்னொரு கிளாக்கருக்குப் போய்விடும். அந்த ஆள் ஏற்கெனவே ஜன்னலுக்குத் திரைச்சீலை அளந்துகொண்டு போனதாகக் கேள்வி.

இடையில் நின்றது கங்காணி. சித்திரை வரைக்கும் இருப்பதாக ஏரம்பமூர்த்தி அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கங்காணியோ லேசில் ஆளை விடுகிறவர் அல்ல. றப்பர்த் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்த காலத்தில், ஒரு தொழிலாளி வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் 'துண்டு' என்கிற விடுதலைச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டுக்காக எத்தனையோ பேர் இவர் வாசலில் காய்ந்து கிடந்திருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அந்தக் குணம் அவரை விடவில்லை. போதாததற்கு, 'நம்ம வீட்டுக் கிளாக்கரய்யா' என்று கடைவீதியெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட பெருமையை யார் கை நழுவ விடுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரம்பமூர்த்தி கோட்டை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். எதிர்த் தேத்தண்ணிக் கடையில் நல்ல கூட்டம்.

"கங்காணியார், நான் வெளிக்கிடப் போறன். உங்கட உத்தரவு கேட்டிட்டுப் போவமெண்டு வந்தனான்."

யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. கங்காணியின் தோட்டத்துச் சனங்களோ கொல்லைப் பக்கம் ஒதுங்குவதைத்தான் 'வெளிக்குப் போறது' என்பார்கள். கங்காணியின் காதில் விழுந்தது அந்த வெளிக்குத்தான்.

"அட, இதுக்கெல்லாமா உத்தரவு கேப்பாங்க?" என்றார் அவர் திகைத்துப் போய்.

"கேளாமல் வெளிக்கிடுறது மரியாதையில்லையே. சித்திரை மட்டும் பொறுக்கலாமெண்டுதான் முதலிலை நினைச்சனான்."

"சித்திரை வரைக்குமா! அது வரைக்கும் யாராலங்க பொறுக்க முடியும்?"

ஏரம்பமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முரட்டு மனிதருக்குள் இவ்வளவு இளகிய மனமா! "ஓம் கங்காணியார். ஆவணியிலை இருந்து பெரிய கஷ்டம். இரவிலை நித்திரையும் இல்லை."

"ஆவணியிலருந்தா?" கங்காணி நெஞ்சில் கை வைத்தார். பிறகு வீதியைப் பார்த்துத் திரும்பி, தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற அதே குரலில் முழங்கினார். "எல்லாரும் கேட்டுக்குங்க! நம்ம கிளாக்கரய்யா எப்ப வேணும்னாலும் போகலாம். நான் உத்தரவு குடுத்துட்டேன். யாரும் குறுக்க நிக்கப்படாது!"

தேத்தண்ணிக் கடை விழுந்து விழுந்து சிரித்தது. தமக்கு நல்ல காலம் பிறந்ததில் ஊருக்கும் சந்தோஷம் என்று கிளாக்கர் நினைத்துக்கொண்டார்.

அதற்குள் கங்காணியின் பெண்சாதி இருளாயி ஒரு கிண்ணம் நிறைய விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதக் குடிச்சிருங்கய்யா. ஒரு தடையும் இல்லாம போயிரலாம்."

விளக்கெண்ணெய் என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. வீட்டை விட்டுப் போகிறவருக்கு இதைக் கொடுப்பது இவர்கள் வழக்கம் போலும் என்று எண்ணினார். மறுத்தால் கொடுத்த உத்தரவைத் திருப்பி வாங்கிவிட்டால்? ஞானாம்பிகையை நினைத்தார், மூக்கைப் பிடித்தார், ஒரே மடக்கு.

பிறகு போய் மாட்டு வண்டிக்காரன் ஒருவனைப் பேசி, கரத்தையோடு கூட்டிவந்தார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கங்காணி எழுந்துவிட்டார்.

"இதுக்கு எதுக்குங்க பெட்டி?"

"பெட்டியில்லாமல் எப்படி? உடுப்பெல்லாம் இதுக்குள்ளைதானே. கேகாலைக்கெல்லோ போறன்."

"கேகாலைக்கா! அம்புட்டுத் தூரம் போயா...? ஏன், நம்ம றப்பர் மரத்துப் பக்கம் ஆகாதாக்கும்?"

மெல்ல மெல்ல இருவருக்கும் விஷயம் விளங்கிற்று. கிளாக்கரின் முகம் வெளுத்தது, கங்காணியின் முகம் கறுத்தது.

"வீட்ட காலி பண்ணவா கேட்டீங்க? அது நடக்காதுங்க. சித்திரைன்னா சித்திரைதான்."

"எல்லாருக்கும் முன்னாலை உத்தரவு தந்தியளே!"

"அது வேற வெளிக்குங்க!"

"எந்த வெளிக்கு எண்டு நீங்கள் கேட்கேல்லையே!"

கங்காணி பெட்டியின் ஒரு பிடியைப் பற்றினார், கிளாக்கர் மறுபிடியை. இழுபறியில் ஏரம்பமூர்த்தியின் வயிறு கடமுடவென்று புரண்டது. அவர் கால்களைப் பின்னிக்கொண்டார், ஆனால் பிடியை விடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, சுற்றி வளைக்காமல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

"கங்காணியார், எனக்கு என்ர மனிசியோடை இருக்க வேணும்!"

தேத்தண்ணிக் கடை சிரிப்பை நிறுத்திவிட்டது. உள்ளே நின்ற இருளாயி வாசலுக்கு வந்தாள். காலி கிண்ணத்தைப் பார்த்தாள், கிளாக்கரின் பின்னிய கால்களைப் பார்த்தாள், கடைசியில் தன் புருஷனைப் பார்த்தாள்.

"பெட்டிய விடுங்க."

"நீ சும்மா இரு புள்ள. வாக்குன்னா வாக்கு."

"பொண்டாட்டிகிட்டப் போகணும்னு அந்த மனுசன் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயக் குடிச்சிருக்காரு. கட்டுன நாள்லருந்து எனக்காக நீங்க என்னத்தக் குடிச்சீங்க? சொல்லுங்க. கள்ளத் தவிர்த்து சொல்லுங்க."

கங்காணி வாயைத் திறந்தார். யோசித்தார். கடையில் இருந்தவர்களும் அவரோடு சேர்ந்து யோசித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. தோட்டத்துக்கே துண்டு கொடுத்தும் மறுத்தும் வாழ்ந்த மனிதர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக் கரத்தையில் வைத்தார்.

இருளாயிக்கு நன்றி சொல்ல ஏரம்பமூர்த்தி வாயெடுத்தார். அதற்குள் வயிறு முந்திக்கொண்டது. கோட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவர் றப்பர் மரங்களை நோக்கி ஓட, கரத்தைக்காரன் மாடுகளை அவிழ்த்துப் புல் மேய விட்டான்.