கல்லாற்று லாட்ஜின் வானிலைத் திரை

கல்லாற்றங்கரையில் ஒரு லாட்ஜின் மேனேஜர் அவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. மலையில் மழை பெய்தால் ஆறு திடீரென்று பெருகும் என்பதால், குளிக்கப் போகிறவர்களுக்கு வரவேற்பறைத் திரையைத் தட்டி வானிலை பார்த்துச் சொல்வார்.

குளிக்க வந்த எங்கள் குடும்பத்துக்காகத் தட்டினார். மைனஸ் பன்னிரண்டு டிகிரி, கடுங்குளிர் என்று வந்தது. மறுபடி தட்டினார். ஐம்பது டிகிரி. அடுத்த தட்டில் இருபத்தாறும் இதமான வெயிலும் வந்ததும், "இனி இறங்கலாம் சாரே" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் திருவனந்தபுரத்தில் ப்ரோகிராமர். கம்ப்யூட்டரில் ஒரு வரி கட்டளை அடித்தால் புது ப்ரோகிராமுக்கான அடிப்படைக் கோப்புகளை உருவாக்கித் தரும் கருவி ஒன்று உண்டு. அது மாதிரிக்கென்று ஒரு போலி வானிலையையும் சேர்த்தே தரும். எண்களெல்லாம் குருட்டாம்போக்கில் வருபவை. முதல் வேலையாக அதை அழித்துவிட வேண்டும். இங்கே எவனோ அழிக்காமல் அதையே திரையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"இது நிஜமில்லீங்க. மெஷின் வாய்க்கு வந்ததைச் சொல்லுது" என்றேன்.

அவர் பதறவில்லை. "அதுக்குத்தானே நல்லது வர்ற வரைக்கும் தட்டுறேன். இதுவரை இறங்கின ஆளெல்லாம் திரும்பி வந்தாச்சு அல்லே."

நாங்கள் இறங்கவில்லை. ஆறு இறங்கி வரும் பொன்முடி மலை மேல் மேகம் கறுத்திருந்தது. துண்டோடு வந்து நின்ற அடுத்த குடும்பத்துக்காக அவர் மறுபடியும் தட்டத் தொடங்கினார்.