பதினோரு நொடிக்கு ஒரு சொட்டு

“ஐயோ, அதைத் தொடாதீங்க!” என்று அவள் ஓடிவருவதற்குள் பழைய குழாய் சாக்குக்குள் போய்விட்டது. சமையலறைச் சுவரில் அவள் கணவன் புதுக்குழாயை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அவன் பிளம்பர். நம் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு வருடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. சொல்வதை விட்டுவிட்டு, அதை வரையத் தொடங்கினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக் கீறல் தேடியதில், எதையும் முழுசாகப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் எப்படி என்று கேட்டால் அவர் சட்டையின் மூன்றாவது பித்தானைப் பற்றிச் சொல்வாள். படமும் அப்படித்தான். உப்புப் படிந்த குழாய்வாய் மட்டும் ஒரு முழுத்தாளுக்கு. பிடியின் அடியில் தேய்ந்த திருகு மரைகள் இன்னொரு தாளுக்கு. மூன்றாவது, விழப்போகிற சொட்டு. அந்தப் படம் மட்டும் பாதியில் நின்றது.

மூன்றையும் கடை ஜன்னலில் மாட்ட முதலாளி சம்மதித்திருந்தார். திங்கள் காலைக்குள் வராவிட்டால் பழையபடி சிரிக்கிற பெண்ணின் போஸ்டர்தான். இன்று ஞாயிறு. பதினெட்டு வருடத்தில் அவள் அவரிடம் கேட்டது இது ஒன்றுதான்.

“ஒரு வருஷமா அசையாத ஆளு, இன்னைக்கு எதுக்கு மாத்தினீங்க?”

“உன் படத்தைப் பார்த்தேன். அதை மத்தவங்க பார்த்தா நிலாம்பாங்க, மேகம்பாங்க. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. மரை தேஞ்சிருக்கு, வாஷர் செத்துப்போச்சு. இவ்வளவு தெளிவா யாரும் எங்கிட்ட கம்ப்ளெயின்ட் குடுத்ததில்ல.”

அவள் சாக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

“எனக்கு அந்தச் சொட்டு வேணும்.”

“சொட்டுதானே? புதுசையே ஒழுக வெச்சுட்டாப் போச்சு.”

“அந்த வாயில தொங்குற சொட்டு வேணும்.”

சாக்கில், அவன் ஒரு விடுதியில் கழற்றிவந்த முப்பது குழாய்கள் கிடந்தன. எல்லாம் ஒரே அச்சு. அவன் தலையைச் சொறிந்தான். அவள் தரையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டாள். ஏழாவது குழாயில் அவள் கை நின்றது.

“இதுதான். உங்க முகம் மறந்தாலும் இது மறக்காது.”

“அதான் தெரியுதே.”

புதுசைக் கழற்றிப் பழையதை மாட்டியதும் தண்ணீர் சர்ரென்று கொட்டியது. அவன் வாஷரைத் திருப்பினான். மரையில் நூலைச் சுற்றினான், பிரித்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“இது சொட்டுக்கு ஒம்பது நொடி. பழையபடி பதினொண்ணு வேணும்.”

“ஒம்பதுக்கும் பதினொண்ணுக்கும் என்னடி வித்தியாசம்?”

“ஒம்பதுல சொட்டு மெலிஞ்சிருக்கு.”

“முப்பது வருஷமா ஒழுகலை நிறுத்தி சாப்பிடுறேன். அளவு சொல்லி ஒழுக வைக்கச் சொன்ன முதல் ஆளு நீதான்.”

நாலாவது முறை சொட்டு தடித்துத் தொங்கியது. அவள் பென்சிலை எடுத்தாள்.

“அங்கேயே நில்லுங்க. மூச்சு விடாதீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“பேசினா ஆடுது.”

மறுநாள் ஒன்பதரை மணிக்கு மூன்று படங்களும் ஜன்னலில் ஏறின. அவன் ஆணி அடித்தான். முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டார். மதியத்துக்குள் இரண்டு பேர் உள்ளே வந்து விசாரித்தார்கள். ஒருவர் படிக்கிற கண்ணாடிக்கு அளவு கொடுத்தார். இன்னொருவர் பிளம்பரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் பதினாலு லென்ஸ் தேய்த்தாள். கண் ஜன்னலுக்கே போனதில் ஒன்றைத் திரும்பத் தேய்க்க வேண்டியிருந்தது.