கட்சாலில் நான் வாசிக்காமல் விடப் பார்த்த அதிகாரம்

வெள்ளிக்கிழமை மாலை போர்ட் பிளேரின் ஹடோ துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பியது. நிக்கோபார் பக்கம் நினைத்தவுடன் போய் இறங்கிவிட முடியாது. கட்சால் தீவின் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை எஸ்தர்தான் பாஸுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். நான் நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்பது அவள் ஆசை. பைபிளில் நோவாவின் காலத்து வெள்ளம் வடிந்த பிறகு, இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று கடவுள் கொடுத்த வாக்கைப் பற்றிப் பேசலாமென்று ஊரிலேயே தயார் செய்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை கப்பலின் மேல்தளத்தில் ஒரு தெலுங்கு காண்டிராக்டர் பேச்சுக் கொடுத்தார். கட்சாலுக்குப் போகிறேன் என்றதும் அவர் குரல் தணிந்தது. "அங்கே சுனாமியில பஹுத் லோக், நெறைய பேர் போயிட்டாங்க, மேடம்" என்றார். எனக்குத் தெரியாத செய்தியில்லை. ஆனால் வெள்ளத்தைப் பற்றி யாரிடம் பேசப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே வந்து, என் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, மேய்ப்பனையும் ஆடுகளையும் பற்றிய ஒரு பைபிள் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஞாயிறு காலை கட்சாலில் இறங்கினோம். ஜெட்டியிலிருந்து எஸ்தரின் குவார்ட்டர்ஸ் வரை ரப்பர் மரங்களுக்கு நடுவே ஜீப் போனது. மாலையில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். வாசல்படியில் லெட்சுமி உட்கார்ந்திருந்தார். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாகக் குடிபெயர்ந்து வந்து, ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். இந்து. எஸ்தருக்கு நெருங்கிய தோழி.

சங்கீதத்தை முடித்து உட்காரப் போனேன்.

"டீச்சர், இனிமே தண்ணி வராதுன்னு சாமி சொன்ன கதையைச் சொல்லுவீங்கன்னு எஸ்தர் சொன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றார் லெட்சுமி.

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். சுனாமி வந்த காலையில் லெட்சுமியின் ஆறு வயது மகளைக் கடல் கொண்டுபோனது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாமலே நான் முந்திக்கொண்டு விளக்கம் சொன்னேன். உலகம் முழுவதையும் அழிக்கும் வெள்ளம் வராது என்றுதான் வேதத்தில் இருக்கிறது, ஒவ்வொரு ஊருக்கும் என்று இல்லை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எனக்கு என் வீடுதானே டீச்சர் உலகம்" என்றார். கோபமில்லை. "பானி வந்துச்சு, அம்புட்டுத் தண்ணி. நான் பார்த்தேன். என் பிள்ளை போயிருச்சு. இருந்தாலும் சாமி என்ன சொன்னாருன்னு கேக்கணும். படிங்க" என்றார்.

படித்தேன். எத்தனையோ தடவை வகுப்பில் சொன்ன கதைதான். வாக்கு நோவாவோடு நிற்கவில்லை. பறவை, மாடு, காட்டுமிருகம் என்று உயிருள்ள எல்லாவற்றோடும் செய்யப்பட்டது. மேகத்தில் வைத்த வானவில்லைப் பார்த்து, அந்த வாக்கை மறவாமல் நினைத்துக்கொள்ளப் போகிறவர் கடவுளே.

"இந்த வாக்கைக் குடுங்கன்னு நோவா என்ன கேட்டாரு?" என்றார் லெட்சுமி.

புரட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் நோவா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"ஒண்ணும் கேக்கலை."

"கேக்காமலேயா? ஆடு மாட்டுக்கும் சேர்த்தா?" லெட்சுமி வியப்போடு எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என் மகளையும் அவரு நினைச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு" என்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எஸ்தர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் புத்தகத்தை மூடத் தெரியாமல் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை கப்பல் திரும்பியது. ஏன் அந்தக் கடல் வந்தது என்று லெட்சுமி கடைசிவரை கேட்கவில்லை. எங்கள் ஊர்ச் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கொன்று எடுத்து, யாருக்கு நல்ல வசனம் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். வீட்டுச் சுவரில் ஒட்டுவோம். அது என்னமோ எங்களுக்கென்றே அச்சடித்தது போல. கட்சாலிலோ, அந்த வாக்கு அவர்களுக்குத் தாங்காது என்று கப்பலிலேயே நான் முடிவு கட்டிவிட்டேன். இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் வந்து கேட்டால் கடவுளால் பதில் சொல்ல முடியாது என்று பயந்திருக்கிறேன். ஆடு மாட்டைக்கூட விடாமல் கொடுத்தவரிடமிருந்து வாங்கி, லெட்சுமிக்கு மட்டும் தராமல் ஒளித்து வைக்கப் பார்த்தேன்.

வழியில் கமோர்ட்டா தீவு வந்தபோது எல்லோரும் வேடிக்கை பார்க்க மேல்தளத்துக்குப் போனார்கள். எழுந்து போய் அந்த வானத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை.