இரண்டாயிரத்தில் ஒரு தடவை

கடைசி வரியில் விரலை வைத்து, அதற்கு மேல் வரி, அதற்கும் மேல் வரி என்று பிரியவதனி ஏறிக்கொண்டிருக்கிறாள். மடியில் பதினேழு பக்க அச்சுத்தாள். வேப்பமரத்தடியில் பிளாஸ்ரிக் கதிரை. கழற்றிவிட்ட செருப்புகள் இரண்டும் இரண்டு திசையில் கிடக்கின்றன. எதிர்வீட்டுக்காரனான நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீரோ என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. மேலயிருந்து வாசிச்சால் எழுதினவர் சொல்லுற கதைக்குள்ள நானும் இழுபட்டுப் போயிடுவன். கீழயிருந்து வந்தால் ஒவ்வொரு வரியும் தனிச்சு நிண்டு பதில் சொல்லவேணும்."

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் தீவில், புளியங்கூடலில், தாயோடு இருக்கிறாள். தகப்பன் பதுளையில் கடை வைத்திருந்தவர்; இப்போது உயிரோடு இல்லை. வேலை கொடுக்கும் நிறுவனம் ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறது. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. உள்ளே குடியிருக்கும் ஒவ்வொன்றும் தானே முழுக் கணினி என்று நம்பிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில் கிடக்கும் கர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் கருவுக்கு, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் திருத்தம் எழுதி அனுப்புகிறார்கள். அவற்றை வாசித்து, ஓட்டிப் பார்த்து, சரியென்றால் தன் பெயரை அடியில் எழுதுவது இவள் தொழில். பிழையென்றால் பிழை என்று எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவர்களை எந்த ஊரிலும் ஆட்களுக்குப் பிடிக்காது.

உள்ளே குடியிருப்பதை அவள் "அவர்" என்றுதான் சொல்வாள்.

"அவருக்கு நாங்கள் இருக்கிறது தெரியாது அண்ணை. தெரியவரவும் கூடாது."

இதைச் சொல்லும்போது அவள் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். முதலில் எனக்கு இது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது, எங்களையும் யாரோ இப்படி ஒரு பெட்டிக்குள் குடிவைத்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்து, கழுவிய முகத்தையே மறுபடி கழுவியிருக்கிறேன்.

சோதனைக்கு வீட்டில் இரண்டு கணினிகள். ஒன்று ஹோலில். மற்றது பழைய மடிக்கணினி. அது தாய் சமைக்கும் குசினியில், கோப்பைகள் அடுக்கிய அலுமாரியின் மேல் இருக்கிறது. பழைய வீட்டின் வயரிங்கை முழுக்க நம்ப முடியாது, குசினி மட்டும் பிறகு கட்டியது. உள்ளே இருப்பவரின் வேலை நிற்காமல் அவரை ஹோலிலிருந்து குசினிக்கு மாற்ற வேண்டும், பிறகு குசினியிலிருந்து ஹோலுக்கு. நித்திரையாய்ப் போன குழந்தையை எழுப்பாமல் பாயிலிருந்து கட்டிலுக்கு மாற்றுகிற அதே பக்குவம். ஒரு சோதனைக்கு இரண்டாயிரம் தடவை மாற்றுவாள். காலையில் தொடங்கினால் பின்னேரம் முடியும்.

அது பாட்டுக்கு ஓடும்போது அவள் ஊர்காவற்றுறைத் துறைக்குப் போவாள். அங்கிருந்து காரைநகருக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறுவாள், அக்கரையில் இறங்கமாட்டாள், அதிலேயே திரும்பி வருவாள். ஆட்கள் அவளை ஒருமாதிரிப் பார்ப்பதுண்டு. தங்கையின் வீட்டுக்குப் போகிற வழியில் நானும் பலமுறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். கடல் அங்கே அலையே இல்லாமல் கிடக்கும். வெயில் ஏறினால் தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. பாதை நகர்கிறதா நிற்கிறதா என்றுகூடச் சில நேரம் சொல்ல ஏலாது.

"எந்த இடத்தில இந்தக் கரை முடிஞ்சு அந்தக் கரை தொடங்குது எண்டு பாக்கிறன் அண்ணை. இவ்வளவு நாளும் பிடிபடேல்லை."

அதைக் கேட்ட நாளிலிருந்து நானும் அந்த இடத்தைத் தேடத் தொடங்கி, தங்கைக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பைப் பாதையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன்.

இதனால் அவளை வெறும் கனவுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு திருத்தத்துக்கு அவசரத்தில் பெயர் கொடுத்தாள். எங்கோ ஒரு நாட்டில் இரத்த வங்கி ஒன்றின் பதிவேடு அதனால் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் அவளைத் திட்டவும் இல்லை.

"ஆனால் பேர் அதில கிடக்கு. அதை ஒருத்தராலும் அழிக்கேலாது."

போன மாதம் போலந்துக்காரர் ஒருவர் எழுதிய திருத்தம் வந்தது. இடம் மாற்றுவதை இருமடங்கு வேகமாக்கும் என்றார்கள். வேறு மூன்று பேர் ஏற்கனவே பெயர் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வெளியீடு. திங்கட்கிழமை இவள் ஓட்டிய இரண்டாயிரத்தில் ஒரே ஒரு தடவை, உள்ளே இருப்பவரின் மணிக்கூடு நான்கு மில்லிசெக்கன் பின்னால் போயிருந்தது.

"நாலு மில்லிசெக்கனோ? என்ர மணிக்கூடு நாலு நிமிசம் பிந்தித்தான் ஓடுது. நான் இருக்கிறன்தானே" என்று சிரித்தேன்.

"பிந்தி ஓடினால் பரவாயில்லை அண்ணை. பின்னுக்குப் போகக் கூடாது. நடந்து முடிஞ்ச விசயம் அவருக்கு இன்னும் நடக்கேல்லை எண்டு ஆகிடும். குடுத்து முடிச்ச இரத்தத்தைத் திரும்பக் குடுக்கச் சொல்லுவார்."

செவ்வாய் மறுபடி ஓட்டினாள், ஒன்றும் இல்லை. கண்டதை அப்படியே அறிவித்தாள். மேலாளர் பதில் எழுதினார்: வேறெவர் கண்ணுக்கும் படாத, இரண்டாயிரத்தில் ஒரு தடவை வரும் ஒன்றுக்காக வெளியீட்டை நிறுத்த முடியாது, உங்கள் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருந்தார். இந்த வேலை போனால் அவள் கொழும்புக்குப் போக வேண்டும். தீவில் இருந்துகொண்டு செய் என்று சொல்லும் இன்னொரு நிறுவனம் எங்கே இருக்கிறது? தாய் சறோஜினிதேவி கொழும்பில் இரண்டு கிழமைக்கு மேல் தங்கியதே இல்லை. மற்ற மூண்டு பேரும் எழுதிவிட்டினம்தானே, நீரும் பேரை எழுதிவிடும் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவள் கோபிக்கவில்லை. "எழுதிப்போட்டு பிறகு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை மணிக்கூடு திரும்பவும் ஒரு தடவை பின்னால் போனது. திங்கள் பத்து நாற்பதுக்கு. புதன் பத்து ஐம்பத்திரண்டுக்கு. நேரங்களைக் குறித்த தாளோடு அவள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள். பேச்சுத் துணையாக நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன். சறோஜினிதேவி சம்பல் அடித்துக்கொண்டிருந்தார். கிறைண்டரின் வயர் அலுமாரிக்குப் பின்னால் போயிருந்தது. மடிக்கணினியின் வயர் நிலத்தில் கிடந்தது.

"அம்மா, லப்ரொப்பின்ர பிளக்கைக் கழட்டினனீங்களோ?"

"பின்ன? இஞ்ச இருக்கிறது ஒரு பிளக் பொயின்ற்தானே. பத்து நிமிசம் பற்றறியில ஓடட்டும் எண்டு கழட்டினனான்."

"திங்கட்கிழமையும் கழட்டினனீங்களோ?"

"ஓம், திங்களும் சம்பல்தான்."

"செவ்வாய்?"

"செவ்வாய் நான் கிளினிக்குக்குப் போனனான். நீ பாணைத் திண்டுபோட்டுக் கிடந்தனீ."

பிரியவதனி குந்தி, நிலத்தில் கிடந்த வயரைக் கையில் எடுத்தாள். பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாள். பிளக் கழன்றதும் பற்றறியைச் சேமிக்க மடிக்கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. புதிய திருத்தமோ, புறப்படும்போது குசினியின் வேகத்தை ஒருமுறை கேட்டுவைத்துவிட்டு, வந்து இறங்கும்போது திரும்பக் கேட்பதில்லை. அந்தக் கணத்தில் நடுவழியில் இருந்தவர் பழைய வேகத்தை நம்பி இறங்குகிறார். அவருடைய மணிக்கூடு பிசகிவிடுகிறது. மற்ற மூன்று பேரின் சோதனைக்கூடங்களில் யாரும் சம்பல் அடிப்பதில்லை.

வியாழன் முழுக்கத் தாயும் மகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஹோலிலிருந்து "அம்மா, இப்ப" என்று குரல் வரும். குசினியில் பிளக் கழலும். முப்பது தடவையில் பதினொரு தடவை மணிக்கூடு பின்னால் போனது. அதையெல்லாம் எழுதி, திருத்தம் பிழை என்று அனுப்பினாள். யாராவது குசினியில் வைத்து ஓட்டுவார்களா என்று கேட்பார்கள் என்று தெரிந்து, பெரிய கணினி நிலையங்களிலும் வெக்கை கூடினால் இயந்திரங்கள் தாமாகவே வேகம் குறைக்கும் என்று ஒரு வரி சேர்த்தாள். அனுப்பிவிட்டுத் துறைக்குப் போய், பாதையில் மூன்று முறை போய்வந்தாள்.

வெள்ளிக்கிழமை வெளியீடு நடக்கவில்லை. போலந்துக்காரர் முகம் சுளிக்காமல் நான்கு வரி கூட்டி அனுப்பினார். மேலாளர் நன்றி என்று ஒரு சொல் எழுதவில்லை. அடுத்த வருட வெளியீடுகளுக்கும் அந்தக் குசினி கிடைக்குமா என்று மட்டும் கேட்டிருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் திரையை என் பக்கம் திருப்பினாள். மீதியை நான் வாசித்தேன்.

திருத்தத்தின் திருத்தத்தை அடுத்த செவ்வாய் ஓட்டினாள். நூறு தடவை பிளக் கழன்றது. மணிக்கூடு ஒரு தடவையும் பின்னால் போகவில்லை. பின்னேர வெயில் ஹோலின் பாதித் தரைக்கு வந்திருந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அவள் பின்னால் நின்றேன். போலந்துக்காரரின் பெயருக்குக் கீழே பிரியவதனி தன் பெயரை எழுதினாள். பிறகு அதற்கு மேல் ஒரு வரி இடம் எடுத்து, சோதித்துப் பார்த்தவர் என்ற இடத்தில் சறோஜினிதேவி என்று எழுதினாள். தாய்க்குச் சொல்லவில்லை. அனுப்பும் விசைக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, குசினிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இப்ப."

உள்ளே பிளக் கழலும் சத்தம் கேட்டது. பிரியவதனி விசையை அழுத்தினாள்.