காற்று வழியை அடைத்த மட்டை

மல்வேர்னில் நான் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மெண்டில், அடுப்புக்கு நேரெதிரே சுவரில் ஒரு பெரிய கம்பிவலை இருந்தது. வீட்டுக் காற்று அதற்குள் இழுபட்டு, பக்கத்து அறையில் நிற்கும் பேர்னஸ் என்ற காஸ் உலையில் சூடாகி, எல்லா அறைகளுக்கும் திரும்பிப் போகும். நான் எதைப் பொரித்தாலும் அதன் மணமும் கூடவே மேலே போகும்.

மேலே வீட்டுக்கார அண்ணையும் அக்காவும் இருந்தார்கள். அது கந்தசஷ்டி விரதக் கிழமை. மகளுக்குக் குழந்தை கிடைக்க வேண்டுமென்று அக்கா பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு சாமியறையிலேயே இருந்தார். எனக்கு அந்தக் கிழமை பார்த்துக் கருவாடு தின்ன ஆசை வந்தது. ஊர் ஊராக அலைந்து கிடைத்ததைத் தின்ற வாய்க்கு நாள் கிழமை தெரியாது. கடதாசி மட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து வலையின் மேல் வைத்து, சுற்றிவரப் பசை ரேப் ஒட்டிவிட்டுப் பொரித்தேன். மணம் என்னோடேயே நின்றது. அது அடங்கிய பிறகு மட்டையை எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணை இறங்கி வந்தார்.

"தம்பி, ஹீற் வருகுதில்லை. குளிர்காத்துத்தான் அடிக்குது. அவ வெறும் வயித்தோட நடுங்கிக்கொண்டு இருக்கிறா. நீர் உந்த வேலை செய்தனீர்தானே, ஒருக்காப் பாரும்."

வேறொரு நகரத்தில், பேர்னஸ் பூட்டுகிறவர் ஒருவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தகரக் குழாய் சுமந்திருக்கிறேன். அதைத்தான் வேலை தெரியும் என்று சொல்லி வைத்திருந்தேன். சமையல் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு அவரோடு பேர்னஸ் அறைக்குப் போனேன். சுடுதண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார். அப்படியென்றால் காஸ் வருகிறது. தூசி பிடிக்கும் பில்ரரை இழுத்துப் பார்த்தேன், அழுக்கில்லை. நெருப்புப் பிடித்தது, சிறிது நேரத்தில் அணைந்தது, காற்றாடி மட்டும் சுற்றியது. உள்ளே போகிற காற்று போதாவிட்டால் பேர்னஸ் அளவுமீறிச் சூடாகித் தன்னையே நிறுத்திக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வெளியே போய்ப் புகைக்குழாயை இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். அண்ணை ரோர்ச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கம்பனிக்காரரைக் கூப்பிடட்டோ என்று கேட்டார். வருகிறவர் முதலில் அந்த வலையைத்தான் பார்ப்பார். வேண்டாம் என்றேன். மேலே போய் ஹீற்றைக் கூட்டிவிடச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, ஓடிப்போய் மட்டையைப் பிய்த்தேன். பேர்னஸை நிறுத்தித் திரும்பப் போட்டேன். இம்முறை நெருப்பு அணையவில்லை.

"வந்திட்டுது தம்பி!" என்று மேலிருந்து அண்ணையின் சத்தம் கேட்டது.

ஆனால் ஒரு நாள் முழுக்க என்னோடு அடைபட்டுக் கிடந்த மணமும் அந்தச் சூட்டோடு போயிருந்தது. வந்தது அக்கா. படியின் பாதியில் நின்றார். மட்டை இன்னும் என் கையில் இருந்தது.

"சாமியறைக்கை கருவாடு மணக்குது. உதாலையோ அடைச்சு வைச்சனீர்?"

"ஓம் அக்கா. மேலை வரக்கூடாதெண்டு."

"விரதம் எனக்குத்தானே தம்பி, உமக்கில்லையே. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." திரும்பி ஏறப்போனவர் நின்றார். "அவர் மகளுக்குப் போனிலை உம்மைப் பற்றிப் பெருமையடிச்சுக்கொண்டு நிக்கிறார். அவருக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு மேலே யன்னல்கள் திறபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீர்த் தாங்கியின் அடியில் நெருப்பு மூண்டது. அக்கா இன்னொரு முறை குளித்துத் தோய்கிறார் என்று விளங்கியது. எனக்கு முன்னால் பேர்னஸ் ஓயாமல் ஓடியது. சூடு முழுவதும் தெருவுக்குப் போனது.

விரதம் முடிக்கும் பாறணையன்று சாப்பிட வரச்சொன்னார்கள். வேலை இருக்கிறது என்றேன். வேலை இருக்கவில்லை. பஸ் ஏறி வெக்ஸ்போர்ட் பக்கம் வாடகைக்கு வேறு அறை பார்க்கப் போனேன். அந்த வீட்டில் ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை.